திரும்பும் வழி

காரின் முகப்பில் எது எங்கே அமர்ந்திருக்கிறது என்பதை ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் அறிவதில்லை. பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டருக்கும் முன்னதாக, குளிர்சாதனத்தின் கண்டென்ஸர் நிற்கிறது. மெல்லிய அலுமினியக் குழாய்களும் தகடுகளும் கொண்ட சல்லடை அது. எதிர்க்காற்று முதலில் தன்மீது படவேண்டும் என்பதற்காக அங்கே நிறுத்தப்பட்டது. அதனாலேயே எதிர்வரும் அடியும் முதலில் அதன்மீதுதான் படுகிறது.

இந்த ஞானம் எனக்குச் சென்ற மே மாதம் வாய்த்தது. சுங்கச்சாவடி வரிசையில் நின்றிருந்த எங்கள் காரின் மூக்கில், முன்னால் நின்ற குட்டி யானை வண்டி பின்னுக்கு உருண்டு வந்து இடித்தது. பம்பர் பிளந்தது, இடது முகப்பு விளக்கின் தாங்கி முறிந்தது, அவ்வளவுதான். டிங்கரிங் பட்டறையில் தட்டி நிமிர்த்தி, வண்ணம் பூசி, நான்கு நாளில் புதுமணப்பெண் போலத் திருப்பித் தந்தார்கள்.

தொல்லைகள் அதன்பிறகே தலைகாட்டின. இடது விளக்கு மங்கியது. இண்டிகேட்டரைத் தட்டினால் அதனருகே இருந்த பார்க்கிங் விளக்கும் சேர்ந்து துடித்தது. ஏசி வெந்நீர் அண்டாவைத் திறந்தாற்போல வெப்பத்தை ஊதியது. சர்வீஸ் நிலையத்தில் கணினியைச் செருகிப் பார்த்துவிட்டு, கம்ப்ரஸரையும் முன்பக்க வயரிங் முழுவதையும் மாற்றவேண்டும் என்று 68,000 ரூபாய்க்கு மதிப்பீடு எழுதினார்கள். பதினோரு வயதான காருக்கு அது மரண ஓலை. தம்பி விற்றுவிடலாம் என்றான். “வாடகைக் கார்தான் தெருவுக்குத் தெரு கிடைக்குதே” என்றான்.

அவன் சொன்னது நியாயமே. ஆனால் அது அப்பா ஓய்வுபெற்ற பணத்தில் வாங்கிய கார். நுரையீரல் நோய்க்காக வியாழன்தோறும் தாம்பரத்திலிருந்து மருத்துவமனைக்குப் போய்வருகிறார். கண்ணாடியை இறக்கினால் ஜிஎஸ்டி சாலையின் புழுதி, ஏற்றினால் அவிகிற வெக்கை. விற்பது பற்றிப் பேச்சு வந்த இரவில் அப்பா எதுவும் சொல்லவில்லை. காரின் சாவியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படுக்கப் போய்விட்டார்.

நண்பர் ஒருவர் சொல்லி, புதுப்பேட்டையில் ஒரு முதிய எலக்ட்ரீஷியனிடம் போனோம். எல்லோரும் அவரைப் பாய் என்றே அழைத்தார்கள். அப்பாவுக்கு ஒரு ஸ்டூல் போட்டுவிட்டு, “எதையும் கழட்ட வேணாம் சார். எது முன்னாடி, எது பின்னாடி, அதை மட்டும் வரிசையா சொல்லுங்க” என்றார். நான் சொன்னேன். விளக்கு எப்போது மங்கியது, இடித்த அன்றா, பெயிண்ட் அடித்து வந்த பிறகா என்று இரண்டுமுறை கேட்டார். பிறகுதான் மல்ட்டிமீட்டரை எடுத்தார்.

விளக்கை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மறுமுனையை விளக்கின் எர்த் கம்பியிலும் வைத்தார். எர்த் ஒழுங்காக இருந்தால் அங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. மீட்டர் 3 வோல்ட்டைத் தாண்டியது.

இதுவரை பேசாதிருந்த அப்பா ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தார். தொலைபேசித் துறையில் முப்பது ஆண்டுகள் கேபிள் பழுது தேடியவர். “கம்பியில இருக்காது பாய், கம்பி முடியற இடத்துல பாருங்க” என்றார். பாய் சிரித்தார். “நானும் அதான் ஐயா நெனச்சேன்.”

காரில் மின்சாரம் கம்பி வழியாகப் போகிறது. பெரும்பாலும் வண்டியின் இரும்பு உடல் வழியாகவே பேட்டரிக்குத் திரும்புகிறது. திரும்பும் வழி அடைபட்டால் மின்சாரம் வேறு வழி தேடும். பக்கத்து விளக்கின் இழைக்குள் நுழைந்து வெளியேறப் பார்க்கும். அதனால்தான் ஒன்றைப் போட்டால் இன்னொன்று துடிக்கிறது. விளக்கைக் கழற்றியபோது காரணம் கண்ணெதிரே இருந்தது. எர்த் கம்பியின் வளையம், புதிதாகப் பூசிய வண்ணத்தின் மேலேயே வைத்து முடுக்கப்பட்டிருந்தது. பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. விபத்து செய்யாத பழுதை அழகுபடுத்தல் செய்திருந்தது. பாய் உப்புத்தாளால் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சுரண்டி, போல்ட்டை முடுக்கினார். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

ஏசி மட்டும் அசையவில்லை. ஒரே இடியில் வந்த இரண்டு தொல்லைகளுக்கும் ஒரே காரணம்தான் இருக்கவேண்டும் என்று நான் எண்ணியிருந்தேன். பாய்க்கு அப்படி எந்த நிர்ப்பந்தமும் இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, கம்ப்ரஸரின் காந்தக் கிளட்சுக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்தார். ‘டிக்’ என்று பிடித்தது. கிளட்சுக்கு உயிர் இருந்தது. அதற்கு உத்தரவுதான் வரவில்லை. அழுத்தமானியை மாட்டினார். 35 டிகிரி வெயிலில், எஞ்சின் நிற்கும்போது, 134ஏ வாயு உள்ள குழாய்களில் சுமார் 110 பவுண்டு அழுத்தம் இருக்கவேண்டும். 20தான் இருந்தது. வாயு குறைந்தால் அதோடு சுற்றிவரும் எண்ணெயும் கம்ப்ரஸருக்குத் திரும்பாது. எண்ணெயின்றி ஓடினால் அது இறுகிப்போகும். ஆகவே அழுத்த ஸ்விட்ச் ஒன்று உத்தரவையே தடுத்துவிடுகிறது. காப்பாற்றியவனையே குற்றவாளி என்று எழுதியிருந்தார்கள்.

நைட்ரஜன் அடைத்து, சோப்பு நுரை தடவினார். கண்டென்ஸரின் ஓரத்தில், வளைந்த தாங்கி உரசிய இடத்தில், எண்ணெய்ப் பிசுக்கில் தூசு படிந்திருந்தது. அங்கிருந்து குமிழிகள் எழுந்தன. ஊசிமுனைத் துளை.

பார்த்துக்கொண்டிருந்த என் கை ஆர்வமிகுதியில் மஞ்சள் உறையிட்ட கம்பி ஒன்றின் பக்கம் போனபோது மட்டும் பாய் குரலை உயர்த்தினார். மஞ்சள், ஏர்பேக்கின் நிறம். பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திராமல் அதன் இணைப்புகளைத் தொடலாகாது. சாதாரணச் சோதனை விளக்கை அதில் செருகவே கூடாது.

புதிய கண்டென்ஸர், ஈரம் உறிஞ்சும் டிரையர், அரைமணி நேர வெற்றிடம், பானட்டின் உட்புறத்தில் குறித்திருந்த எடைக்கு வாயு. எல்லாம் சேர்த்து 11,400 ரூபாய். ஓடிப்போன பழைய வாயுவைப் பற்றி யாரும் கணக்கெழுதவில்லை. 134ஏ ஓஸோனைக் கெடுப்பதில்லை என்பதற்காகத்தான், 1987-இன் மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு, ஆர்12 வாயுவின் இடத்தில் வந்தது. ஆனால் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேலாகப் பூமியைச் சூடாக்கக்கூடியது. அதனால் 2016-இன் கிகாலி திருத்தம் அதையும் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. எங்கள் காரைக் குளிர்வித்த அரைக்கிலோ, சுங்கச்சாவடிக்கும் வீட்டுக்கும் இடையில் எங்கோ காற்றோடு கலந்துவிட்டது.

மதிப்பீட்டை எழுதியவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. கழற்றி மாற்றுவதற்கு நேரக்கணக்கு இருக்கிறது, பில்லில் அதற்கொரு வரி இருக்கிறது. நின்று யோசிப்பதற்கு வரி கிடையாது. பாயின் பில்லிலும் அது இல்லை. ‘எர்த் சரிசெய்தது – 200’ என்று மட்டும் இருந்தது.

அப்பா அதை வாங்கிப் படித்துவிட்டு, ஐந்நூறு ரூபாய் கூடுதலாக வைத்துக் கொடுத்தார். பாய் மறுத்தார். “தேடினதுக்கு” என்றார் அப்பா. பாய் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டார்.