"ஏன் வந்தது?" என்று எழுதிய நோட்டு



நான் வரலாறு பயின்று இளங்கலைப் பட்டம் பெற்றவன். மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பது என் பணி. கணிப்பொறித் துறையைப் பற்றி எழுத உமக்கென்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் அத்துறையில் இருக்கும் ஓர் இளைஞனுக்கு நான் தவறான ஆலோசனை கூறினேன். அத்தவறு உங்கள் இல்லத்தில் நிகழாதிருக்கட்டும் என்பதற்காகவே இதனை எழுதத் துணிந்தேன்.

என் தங்கை மகன் சென்னையில் ஒரு நிறுவனத்தில் 'டெக் சப்போர்ட்' பணியில் சேர்ந்தான். வெளிநாட்டு அலுவலகம் ஒன்றில் எவருடைய கணிப்பொறி பழுதானாலும் அழைப்பு இவனுக்கு வரும். பாஸ்வேர்டை மறந்தவர், பிரிண்டர் ஓடாதவர், நெட் கிடைக்காதவர் என அனைவருக்கும் இரவெல்லாம் விழித்திருந்து பதில் கூற வேண்டும். மூன்றாண்டுகள் கழித்து ஒரு விடுமுறையில் என்னிடம் வந்தான். "மாமா, ஒரே பத்துக் கேள்விக்கு ஒரே பத்துப் பதிலைச் சொல்லிக் கொண்டிருக்கிறேன். நாளை இதை ஒரு மெஷினே சொல்லிவிடும். நெட்வொர்க் படித்து அந்தப் பிரிவுக்கு மாறலாம் என்று பார்க்கிறேன்" என்றான்.

தகப்பனை இழந்த பிள்ளை. திருமணத்திற்கு நிற்கும் தங்கை ஒருத்தி. நானோ, "மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலை. இருப்பதைக் கெடுத்துக் கொள்ளாதே" என்று சொல்லி அனுப்பி விட்டேன். அவன் மறுபேச்சுப் பேசவில்லை. முகம் வாடியதைக் கண்டும் காணாதவன் போல் இருந்து விட்டேன்.

வேலையை அவன் விடவில்லை. வேலை செய்யும் முறையை மாற்றிக் கொண்டான். ஒரு நோட்டு வாங்கி, ஒவ்வொரு புகாருக்கும் எதிரே 'என்ன செய்தேன்' என்பதோடு, 'ஏன் வந்தது' என்பதையும் எழுதலானான். சில வாரங்களில் ஓர் உண்மை புலப்பட்டது. ஒரு கிளையில் நெட் கிடைக்கவில்லை என்று முறையிட்டோர் யாவரும் நீண்ட விடுப்பு முடிந்து திரும்பியோர், அல்லது புதிதாகச் சேர்ந்தோர். அவர்களுடைய கணிப்பொறிகளின் முகவரிகள் எல்லாம் 169.254 என்றே தொடங்கின. முகவரி வழங்கும் சர்வரிடமிருந்து ஒன்றும் கிடைக்காதபோது, கணிப்பொறி தனக்குத் தானே சூட்டிக் கொள்ளும் எண் அது.

எனக்கும் விளங்கும்படி அவன் சொன்னான்: "அந்தக் கிளைக்கு ஒதுக்கிய முகவரிகள் 64. அவற்றில் இரண்டு போகக் கருவிகளுக்குக் கிடைப்பவை 62. உங்கள் மதரஸாவில் 62 ஓதும் பலகைகள் இருக்க, 70 பிள்ளைகள் வந்தால் என்னவாகும் மாமா? ஊழியர்களின் செல்போன்களும் ஆளுக்கொரு முகவரியை எடுத்துக் கொள்கின்றன. எடுத்ததை விண்டோஸ் சர்வர் வழக்கமாக 8 நாள் வரை அவற்றின் பெயரிலேயே வைத்திருக்கும். ஊருக்குப் போய்த் திரும்புகிறவனுடைய பலகை வேறொருவனிடம் போயிருக்கும்."

இதனை எழுத்தில் வடித்து நெட்வொர்க் பிரிவுக்கு அனுப்பினான். அவர்கள் முகவரிகளின் எண்ணிக்கையைப் பெருக்கினர், புகார் நின்றது. கண்டுபிடித்தவன் யார் என்று விசாரித்தனர். அதன்பின் தன் வார விடுமுறைகளில் அவர்களருகே அமர்ந்து வேலை கற்க அனுமதி பெற்றான். சிஸ்கோ நிறுவனம் நடத்தும் சி.சி.என்.ஏ. தேர்வுக்கும் படித்தான். கருவிகள் எவற்றையும் விலைக்கு வாங்கவில்லை. அந்நிறுவனமே இலவசமாகத் தரும் பாக்கெட் டிரேசர் என்னும் மென்பொருளில், திரைக்குள்ளேயே ரூட்டர்களை இணைத்துப் பழகினான்.

முதல் முறை தேர்வில் தோற்றான். கட்டணமும் போயிற்று. அதனை உம்மாவிடம் மட்டும் சொல்லி, "மாமாவுக்குத் தெரிய வேண்டாம்" என்றானாம். பின்னாளில் தங்கை இதைக் கூறக் கேட்டபோது வெட்கினேன். தோல்வியைச் சொல்லி ஆறுதல் பெற இயலாத மாமனாக அல்லவா நான் இருந்திருக்கிறேன்!

இரண்டாம் முறை தேறினான். அதே நிறுவனத்தின் நெட்வொர்க் பிரிவிலேயே இடமும் கிடைத்தது. ஊதியம் உடனே பெரிதாக உயரவில்லை. ஆனால் கற்பதற்கு எல்லையில்லாத வேலை.

டெக் சப்போர்ட்டில் இருக்கும் இளைஞர்களே! வரும் புகார்களிலேயே உங்கள் அடுத்த துறை மறைந்திருக்கிறது. நெட் தடைப்படும் புகார் நெட்வொர்க்கிற்கு வழி காட்டும். பாஸ்வேர்டும் அனுமதியும் பற்றிய புகார்கள் பாதுகாப்புத் துறையின் வாசற்படி. சர்வர் நிரம்பி நின்றுவிடும் புகாரோ, லினக்ஸ் கற்கத் தூண்டும். 1991இல் பிறந்த அந்த லினக்ஸும் இலவசமாகவே கிடைக்கிறது. பல துறைகளை நுனிப்புல் மேயாமல், எந்தப் புகார் உங்கள் ஆவலைத் தூண்டுகிறதோ அதன் வேர் வரை செல்லுங்கள். புதிய இடம் உறுதியாகும் வரை இருக்கும் வேலையை விடாதீர்கள்.

பெற்றோரே! உழைக்கும் பிள்ளை வீடு வந்தால் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். இவ்வாண்டு புதிதாக என்ன கற்றாய் என்றும் கேளுங்கள். அவன் கூறுவது உங்களுக்கு விளங்காமற் போகலாம். எனக்கும் பாதிதான் விளங்கிற்று. ஆயினும் கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்பதே அவனுக்குப் பெருந்துணை. அத்துணையைத்தான் நான் மூன்றாண்டுகளுக்குப் பின் வந்து நின்ற என் மருமகனுக்குத் தரத் தவறினேன்.