கேதாரத்துக்கு வழி சமைத்தவர்கள்

ரிஷிகேசத்திலிருந்து கங்கோத்ரிக்குப் புறப்படும் யாத்திரைப் பேருந்துகள் பெரும்பாலும் உத்தரகாசியில் ஓர் இரவு தங்குகின்றன. ஏறத்தாழ 170 கிலோமீட்டர் மலைப்பாதையில் வளைந்து வளைந்து வந்த களைப்பு நீங்க அன்பர்கள் பாகீரதியில் நீராடி, விசுவநாதரைத் தரிசிப்பார்கள். சந்நிதிக்கு எதிரே உள்ள சக்தி ஆலயத்தில் ஆளுயரத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்து நிற்கும் திரிசூலத்தை அண்ணாந்து பார்த்து வியப்பார்கள். காசியைப் போலவே இங்கும் வருணை, அசி என்ற பெயர்களில் ஓடைகள் உண்டு. மணிகர்ணிகைத் துறையும் உண்டு. மறுநாள் அதிகாலையில் பேருந்து கிளம்பிவிடும்.

அவ்வாறு கிளம்புகிறவர்களில் மிகச் சிலரே ஆற்றுக்கு அக்கரையில், பைன் மரங்கள் அடர்ந்த மேட்டில் அமைந்திருக்கும் நேரு மலையேற்றப் பயிற்சிக் கழகத்தைக் கவனிக்கிறார்கள். கவனித்தாலும், பனிமலை உச்சியில் கொடி நாட்ட விரும்பும் இளைஞர்களுக்கான இடம், நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எண்ணிக் கடந்துவிடுகிறார்கள். சம்பந்தம் உண்டு. இன்று கேதாரநாதரைத் தரிசிக்க நடந்தோ, டோலியிலோ, மட்டக்குதிரையிலோ செல்லும் முதியவர் எவரும் இந்தக் கழகத்தார் அமைத்த பாதையின் மீதுதான் செல்கிறார்.

கழகம் தொடங்கப்பட்டது 1965 நவம்பரில். பாறையில் கயிறு கட்டி ஏறுவது, பனிக்கோடரியால் படி வெட்டுவது, பனிப்பிளவில் விழுந்தவரை மேலே தூக்குவது ஆகியவற்றை ஏறக்குறைய நான்கு வாரப் பயிற்சியில் இங்கே கற்பிக்கிறார்கள். தேடுதல், மீட்பு ஆகியவற்றுக்கெனத் தனிப் பயிற்சியும் உண்டு. எவரெஸ்ட் சிகரத்தை எட்டிய முதல் இந்தியப் பெண்மணியான பசேந்திரி பால் இந்த மாவட்டத்து நாகுரி கிராமத்தில் பிறந்து, இங்கேயே பயின்றவர். 1984 மே 23 அன்று அவர் சிகரத்தில் நின்றார். மலை ஏறுவதோடு அவருடைய பணி முடியவில்லை. 2013 வெள்ளத்தின்போது சக மலையேறிகளைத் திரட்டிக்கொண்டு, சாலைகள் அறுந்துபோன உயர்மலைக் கிராமங்களுக்கு உணவும் மருந்தும் சுமந்து சென்றவர் அவர்.

அந்த வெள்ளத்தை முதிய அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2013 ஜூன் 16 மாலையும் 17 காலையும் கேதாரத்தில் நிகழ்ந்தவை ஊழியின் சிறு உருவம் எனலாம். இடைவிடாத மழையோடு, கோயிலுக்கு மேலே இருந்த சோராபாரி ஏரியும் கரை உடைந்து, பாறையும் சேறுமாகப் பாய்ந்தது. ஆயிரக்கணக்கான உயிர்கள் மடிந்தன. உருண்டு வந்த ஒரு பெரும்பாறை கோயிலின் பின்புறம் வந்து தங்க, வெள்ளம் இரண்டாகப் பிரிந்து இருபுறமும் ஓடியது. பீமசிலை என்று பெயர் பெற்ற அந்தப் பாறைக்கு இன்றும் பக்தர்கள் பூச்சூட்டி வணங்குகிறார்கள். கோயில் நின்றது; அதை அடையும் வழி நிற்கவில்லை. கௌரிகுண்டத்திலிருந்து 14 கிலோமீட்டர் பாதையின் நடுவே, யாத்திரிகர்கள் தேநீர் அருந்தி இளைப்பாறிய ராம்பாரா என்ற சிற்றூர் இருந்த இடம் தெரியாமல் மந்தாகினியோடு போயிற்று.

நின்றுபோன பூசை அவ்வாண்டு செப்டம்பர் 11 அன்று மீண்டும் தொடங்கியது. ஆனால் அடியார்கள் வருவதற்குப் பாதை வேண்டுமே! ஏறத்தாழ 3,580 மீட்டர் உயரம். ஆண்டில் பாதி நாள் பனி மூடிய இடம். சமவெளியில் சாலை போட்டுப் பழகியவர்கள் குளிர்காலத்தில் அங்கே தங்கி வேலை செய்வது எளிதன்று. பொறுப்பை ஏற்றது மலையேற்றக் கழகம். அப்போது அதன் முதல்வராக இருந்த கர்னல் அஜய் கோட்டியால் தம் பயிற்றுநர்களையும் மலைக்கிராமத் தொழிலாளர்களையும் அழைத்துக்கொண்டு மேலேறினார். கொட்டும் பனியில் கூடாரம் அடித்துத் தங்கிப் பாதை வெட்டினார்கள். 2014 மே 4 அன்று நடை திறந்தபோது அடியார்கள் நடந்து செல்ல வழி இருந்தது.

புதிய பாதை சுமார் 16 கிலோமீட்டர். முன்பு ஒருமுறை சென்று வந்தவர்கள் மறுமுறை செல்லும்போது, “தூரத்தைக் கூட்டிவிட்டார்களே, ஏற்றமும் அதிகமாக இருக்கிறதே” என்று குறைப்படுவது உண்டு. குறை நியாயமானதே, காரணமும் நியாயமானதே. பழைய வழி ராம்பாராவுக்கு மேல் சரிந்து, மண்ணின் பிடிப்பே போய்விட்டது. ஆகவே அந்த இடத்தில் ஆற்றைக் கடந்து, எதிர்க்கரையின் சரிவில் லிஞ்சோலி வழியாகப் புதிதாக வெட்ட வேண்டியதாயிற்று. கூடுதலாக நடக்கும் அந்த இரண்டு கிலோமீட்டரைப் பாதுகாப்புக்குச் செலுத்தும் காப்பீட்டுத் தவணை என்று கொள்ளலாம்.

பாதையோடு வேலை நின்றுவிடவில்லை. விமானப்படையின் மிகப்பெரிய ஹெலிகாப்டரான எம்.ஐ.26 வந்து இறங்குவதற்கு அந்தப் பனிமேட்டிலேயே தளம் அமைத்து, மண்வெட்டும் கனரக இயந்திரங்களை அதில் வரவழைத்தார்கள். கோயிலுக்குப் பின்புறம் மூன்றடுக்குத் தடுப்புச் சுவர் எழுந்தது. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் திருக்காளத்தியில் இருந்தபடியே மனக்கண்ணால் கண்டு பாடிய தலம் திருக்கேதாரம் என்பது நம் மரபு. அருளாளர்களுக்குப் பாதை வேண்டியதில்லை. மூட்டுவலியோடு வரும் முதியவர்களுக்கு வேண்டும்.

இந்தப் பணியாளர்களுக்கு மலை எப்போதும் இரங்குவதில்லை. 2022 அக்டோபர் 4 அன்று, ‘திரௌபதி கா டண்டா’ என்னும் சிகரத்தில் பயிற்சியில் இருந்த குழுவின்மீது பனிச்சரிவு விழுந்தது. 27 உடல்கள் கிடைத்தன. இருவர் கிடைக்கவே இல்லை. இறந்தவர்களில் சவிதா கன்ஸ்வால் என்ற இளம் பயிற்றுநரும் ஒருவர். அதே ஆண்டு மே மாதத்தில் பதினாறு நாட்களுக்குள் எவரெஸ்ட், மகாலு ஆகிய இரு சிகரங்களையும் ஏறி முடித்த உத்தரகாசி மாவட்டத்துப் பெண். பாண்டவர்களோடு இமயம் ஏறிய திரௌபதி பாதி வழியில் வீழ்ந்த கதையை அறிந்தவர்களுக்கு அந்தச் சிகரத்தின் பெயரைக் கேட்கும்போதே நெஞ்சு கனக்கும்.

கங்கோத்ரிப் பக்கத்தில் நடக்கும் இன்னொரு தொண்டு அவ்வளவாக வெளியே தெரியாதது. கங்கோத்ரியிலிருந்து கோமுகம் செல்லும் 18 கிலோமீட்டர் வழியில், 14ஆம் கிலோமீட்டரில் போஜ்பாசா என்ற இடம் வருகிறது. போஜ மரங்களின் உறைவிடம் என்பது பெயரின் பொருள். வடமொழியில் பூர்ஜம் எனப்படும் இம்மரத்தின் பட்டை தாள் தாளாக உரியும். காகிதம் வருவதற்கு முன் வடநாட்டில் சாத்திரங்களை அதிலும் எழுதினார்கள். நமக்குப் பனையோலை போல அவர்களுக்கு அது. காளிதாசனின் குமாரசம்பவத்திலும் பூர்ஜப்பட்டை வருகிறது. ஆனால் பெயரில் இருக்கும் மரம் அந்த இடத்தில் ஏறக்குறைய அழிந்தே போயிற்று. குளிர்காய விறகு, கடைகளின் அடுப்பு, வீட்டுக்குக் கொண்டுபோகப் புனிதப் பட்டை என்று வெட்டியவர்களில் கங்கையைத் தொழ வந்தவர்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

அதைத் திரும்ப வளர்க்க முனைந்தவர் ஹர்ஷவந்தி பிஷ்ட். 1981இல் நந்தாதேவிச் சிகரத்தை எட்டிய மூன்று இந்தியப் பெண்களில் ஒருவர். உத்தரகாசிக் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியை. சீர்பாசாவில் நாற்றங்கால் அமைத்து, ஆயிரக்கணக்கான போஜக் கன்றுகளைச் சுமந்து சென்று போஜ்பாசாவில் நட்டார். கிட்டத்தட்ட 3,800 மீட்டர் உயரத்தில் மரம் வளரும் பருவம் ஆண்டுக்குச் சில மாதங்களே. ஆடும் குதிரையும் மேயாமல் இருக்க வேலி வேண்டும். பனி அமுக்கிச் சாய்த்த கன்றுகளைக் கோடையில் நிமிர்த்த வேண்டும். ஆண்டுதோறும் பயன் எதிர்பாராமல் செய்ய வேண்டிய வேலை. 2021இல் அவர் இந்திய மலையேற்றச் சங்கத்தின் தலைவரானார். அப்பதவியில் அமர்ந்த முதல் பெண்மணி அவரே.

கோமுகத்துக்கு இப்போது நாளொன்றுக்கு 150 பேருக்கு மட்டுமே வனத்துறை அனுமதி அளிக்கிறது. கொண்டுசெல்லும் பிளாஸ்டிக் பொருள்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இதில் மனத்தாங்கல் கொள்வோர் உண்டு. கங்கோத்ரிக் கோயிலோடு திரும்பிவிடும் முதியோருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கேயே பாகீரதி பேரிரைச்சலோடு இறங்கி வருகிறாள்.

திரும்பும் வழியில் உத்தரகாசியில் மீண்டும் ஓர் இரவு கிடைக்கும். விசுவநாதர் சந்நிதியில் மாலை ஆரத்தி முடிந்து துறைக்கு வந்தால், எதிர் மேட்டில் கழகத்தின் விளக்குகள் தெரியும். காலையில் ஊருக்கு வெளியே, கங்கோத்ரிச் சாலையில் உள்ள தேக்லாப் பாறைகளில் இளைஞர்கள் கயிற்றைப் பிடித்தபடி தொங்கிக்கொண்டிருப்பார்கள்.