ஆயுதம் இல்லாத நான்கு கைகள்

1905 அக்டோபர் 16 அன்று கர்சன் பிரபுவின் அரசு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தது. அடுத்து என்ன ஆகுமோ என்று மக்கள் தவித்த அந்தக் காலத்தில் பிறந்தது அவனீந்திரநாத் தாகூரின் 'பாரத மாதா'. அளவில் சிறிய நீர்வண்ண ஓவியம்தான். காவி உடுத்திய இளம் துறவிப் பெண். தலையைச் சுற்றி ஒளிவட்டம், காலடியில் தாமரைகள். தெய்வத்துக்குரிய நான்கு கைகள் உண்டு, ஆயுதம் ஒன்றுகூட இல்லை. சூட்சுமமே அங்கேதான். ஏடு, நெற்கதிர், ஜபமாலை, வெள்ளைத் துணி: கல்வி, உணவு, ஆன்மிகம், உடை.

முதல் மூன்றும் எக்காலத்துக்கும் பொருந்தும். துணியோ அன்றைய தெருவிலிருந்து நேராக வந்தது. அந்நியத் துணியைப் புறக்கணித்த சுதேசி இயக்கத்தின் அடையாளம் அது. பொதட்டூர்பேட்டை போன்ற நெசவு ஊர்களில் அதற்கு உரை எழுதத் தேவையில்லை.

ஜப்பானிய ஓவியர்களின் பாணியைத் தழுவி, தாளை நீரில் நனைத்து வண்ணங்களை மங்கவைத்தார் அவனீந்திரநாத். அதனால் உருவம் பனிமூட்டத்துக்குள் நிற்பதுபோலத் தெரிகிறது. சகோதரி நிவேதிதை இந்த ஓவியத்தை மனமாரப் பாராட்டினார்.

தமிழகத்திலும் படங்கள் அரசியல் பேசின. 1906-இல் தொடங்கிய 'இந்தியா' இதழில் பாரதியார் கருத்துப்படங்களைக் கையில் எடுத்தார். அவற்றில் 'பாரத மாதா'வின் மென்மை குறைவு. ஆட்சியாளரை நேரடியாகவே கிண்டல் செய்தன.