எனக்கு அந்தப் பணம் வேண்டியிருந்தது

ஆலையில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதும் எல்லோரும் கலங்கினார்கள். எனக்குக் கலக்கம் இல்லை. சீக்கிரம் அறிவித்தால் நல்லது என்றுதான் இருந்தது. சங்கத்தின் பேச்சுவார்த்தைக் குழுவில் இருந்தவன் நான். என் ஆசைக்காக, பயந்து நின்ற சின்னப் பையன்களைக் கையெழுத்துப் போட வைத்தேன். இதை இத்தனை நாள் வெளியே சொன்னதில்லை.

ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்கிற ஆலை. பிரஸ் ஷாப்பில் எனக்கு 24 வருடச் சர்வீஸ். 2019இல் வண்டி விற்பனை படுத்து, அந்த வட்டாரமே வேலையில்லா நாட்களை அறிவித்துக்கொண்டிருந்த நேரம். அதற்குள் என் வீட்டுக் கடன் அடைந்துவிட்டது. மகள் வேலைக்குப் போய்விட்டாள். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்தால் பகலில் தூக்கம் வராது, காதுக்குள் பிரஸ் இடித்துக்கொண்டே இருக்கும். அந்த நிலைமையில் இருக்கிற ஒருவனுக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுத்து வீட்டுக்குப் போ என்றால் கசக்குமா? சாமியே கண் திறந்ததாகத்தான் நினைத்தேன்.

நிர்வாகம் கொண்டுவந்தது விருப்ப ஓய்வுத் திட்டம். ஒவ்வொரு வருடச் சர்வீஸுக்கும் 45 நாள் சம்பளம். கேட்க எல்லோருக்கும் ஒரே அளவுகோல் மாதிரி இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். 24 வருடம் முடித்த எனக்கு 36 மாதச் சம்பளம், அதற்கு மேல் கிராஜுவிட்டி. மூன்று வருடம் முடித்தவனுக்கு நாலரை மாதச் சம்பளம், ஐந்து வருடம் ஆகாததால் கிராஜுவிட்டி கிடையாது. அதுவும் அவன் சம்பளம் என் சம்பளத்தில் பாதி. என்னோடு ஒரே லைனில் நின்ற காண்ட்ராக்ட் பையன்களைப் பற்றி அந்தக் காகிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவர்களை மேஸ்திரி போனில் கூப்பிட்டு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொன்னதோடு சரி.

நிர்வாகம் ஒரு நிபந்தனையும் வைத்திருந்தது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்கள் பெயர் கொடுத்தால்தான் திட்டம் நடக்கும், இல்லாவிட்டால் வாபஸ். சீனியர்களில் பலர் தயங்கினார்கள். எண்ணிக்கை தேறவில்லை. திட்டம் கைநழுவிவிடுமோ என்று எனக்குள் பதற்றம் தொடங்கியது அப்போதுதான். கேட் மீட்டிங்கில் மைக்கைப் பிடித்தேன்.

அன்று நான் பொய் எதுவும் பேசவில்லை. சட்டத்தில் பாதியை மட்டும் சொன்னேன். ஆட்குறைப்பு என்று வந்தால் கடைசியாகச் சேர்ந்தவன்தான் முதலில் வெளியே போகணும், 1947ஆம் வருடத்துத் தொழில் தகராறு சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்றேன். அப்போது வருடத்துக்கு 15 நாள் சம்பளம்தான் கிடைக்கும், இப்போது 45 நாள் தருகிறார்கள், யோசித்துக்கொள்ளுங்கள் என்றேன். இரண்டும் உண்மைதான். கூட்டம் அடங்கிப்போனது. மூன்று, நான்கு வருடச் சர்வீஸ்காரர்கள் அந்த வாரமே வரிசையில் நின்று பெயர் கொடுத்தார்கள்.

சொல்லாமல் விட்ட பாதி இது. நூறு பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கிற ஆலையில் ஆட்குறைப்பு செய்ய அன்றைய சட்டப்படி அரசின் முன் அனுமதி வேண்டும். அது லேசில் கிடைக்கிற காரியமில்லை. கிடைத்திருக்குமானால் நிர்வாகம் எதற்கு எங்களோடு பேச்சுவார்த்தையில் உட்காரப் போகிறது? இன்னொன்று, அதே சட்டத்தின் 25-எச் பிரிவு. ஆட்குறைப்பில் வெளியே போனவர்களுக்கு, ஆலை மறுபடி ஆள் எடுக்கும்போது அதன்படி முன்னுரிமை இருந்தது. விருப்ப ஓய்வில் போனவர்களை அந்தச் சட்டம் ஆட்குறைப்புக் கணக்கில் சேர்க்கவே இல்லை. 'என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்று எழுதி அடியில் கையெழுத்துப் போட்ட அந்த நிமிடமே திரும்பி வரும் உரிமை போய்விடுகிறது. சங்கம் நடத்திய வகுப்பில் இதை நோட்டில் எழுதி வைத்திருந்தவன் நான். மைக் கையில் இருந்தபோது அந்த நோட்டு நினைவில் இருந்தது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை.

மீட்டிங் முடிந்ததும் ஒரு தம்பி கேன்டீன் வாசலில் என்னை நிறுத்தினான். செய்யாறு பக்கத்துப் பையன். சம்பளம் 21,000 தாண்டாததால் இ.எஸ்.ஐ.யில் இருந்தான். அவனுடைய அம்மாவுக்கு அங்கேதான் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்துக் காட்டி, "அண்ணே, வேலையை விட்டா இது எவ்வளவு நாளைக்கு ஓடும்?" என்று கேட்டான். "அதான் கையில பணம் வருதேப்பா, பிரைவேட்ல பார்த்துக்கலாம்" என்றேன். நாலரை மாதச் சம்பளத்தில் பிரைவேட் ஆஸ்பத்திரி எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியாதா? அவன் தலையாட்டிவிட்டு கார்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. சங்கத்தில் பல வருடம் உழைத்துச் சம்பாதித்த நம்பிக்கை அது. அதை வைத்துத்தான் அவனை அனுப்பி வைத்தேன்.

இழப்பீட்டோடு வேலை போவது வரமா சாபமா என்று இப்போதும் பலர் வாதம் செய்கிறார்கள். சர்வீஸ் எத்தனை, கடன் எவ்வளவு, வயது என்ன என்று கேட்காமல் அதற்குப் பதில் கிடையாது. 2000ஆம் ஆண்டில் அரசு வங்கிகளில் விருப்ப ஓய்வு வந்தபோது, 15 வருடச் சர்வீஸோ 40 வயதோ ஆனவர்களுக்குத்தான் விண்ணப்பிக்கும் தகுதி இருந்தது. பி.எஸ்.என்.எல். 2019இல் 50 வயதைத் தாண்டியவர்களிடம் மட்டுமே கேட்டது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அந்த வயதில் பணமும் பென்ஷனும் சேர்ந்து வந்தால் மனசு இணங்கும். 2014இல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையை மூடியபோது வெளியே வந்தவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருந்த பெண்களும் ஆண்களும். முதல் வேலையே முடிந்துபோனவர்களுக்கு அந்தத் தொகை எத்தனை மாதத்துக்கு வரும்? இந்த வித்தியாசம் எனக்குப் பிறகு புரிந்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பேச்சுவார்த்தை மேஜையில் உட்கார்ந்திருந்தபோதே தெரியும்.

கேட்டிருக்கக்கூடியதும் நிறைய இருந்தது. சர்வீஸ் எவ்வளவாக இருந்தாலும் எல்லோருக்கும் ஒரு குறைந்தபட்சத் தொகை. மறுபடி ஆள் எடுத்தால் இவர்களைத்தான் முதலில் கூப்பிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. காண்ட்ராக்ட் பையன்களுக்கு இரண்டு மாதச் சம்பளமாவது. குழுவில் ஒரு தோழர் முதலாவதை எடுத்தார். பேச்சை இழுத்தால் திட்டமே போய்விடும் என்று அவரை அடக்கியது நான்தான்.

பணம் வந்தது. மாடியில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டேன். மறு வருடம் ஆர்டர் திரும்பியதும் அதே பிரஸ் ஷாப்பில் பயிற்சியாளர் என்ற பெயரில் புதுப் பையன்களை எடுத்தார்கள். எங்கள் ஆட்கள் போய்க் கேட்டபோது, விருப்பப்பட்டுத்தானே போனீர்கள் என்று கடிதத்தைக் காட்டியிருக்கிறார்கள்.

2025 நவம்பரில் புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. முன் அனுமதி இப்போது 300 பேருக்குக் குறையாத ஆலைகளுக்குத்தான் வேண்டும். சிறிய ஆலைகளில் இனிக் குழுவில் உட்காருகிறவர்களின் வாய்ச்சொல்தான் அந்தப் பையன்களுக்கு மிச்சமிருக்கும் பாதுகாப்பு.

சென்ற மாதம் செய்யாறுக்குப் போய் அந்தத் தம்பியைப் பார்த்தேன். 25-எச் விஷயத்தையும், எனக்கு அப்போதே தெரியும் என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்கிட்ட மட்டும் சொன்னாப் போதுமாண்ணே? அன்னைக்கு மைக்லதானே பேசினீங்க" என்றான். அவன் கேட்டது நியாயம். அதனால்தான் எழுதுகிறேன்.