முந்திரிகைத் தோட்டமும் வாப்பாவின் கடனும்



பாடசாலை லீவில் யாழ்ப்பாணம் போன படங்களைப் போட்டதும் இரண்டு மூன்று பேர் கேட்டார்கள்: "சேர், வைன் செய்யிற இடத்துக்கா பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனீங்க?" ஓம், போனோம். ஏன் போனோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி எங்கள் வாப்பாவுக்கு 24 வயது. உரும்பிராயில் ஒரு தோட்டத்தில் முந்திரிகைப் பழம் எடுத்து, சைக்கிள் கரியரில் பெட்டி கட்டி, டவுனில் விற்று வந்தவர். பழம் விற்ற பிறகு காசு கொடுப்பதுதான் வழக்கம். அன்று சில மணி நேரத்துக்குள் எல்லோரும் ஊரை விட்டுப் போகவேண்டி வந்தது. கடைசியாக எடுத்த 18 கிலோ பழத்துக்கான காசு கொடுபடவில்லை.

புத்தளத்தில், முகாமில் பிறந்து வளர்ந்த நாங்கள் அந்த 18 கிலோவைப் பற்றிக் கேட்டுக் கேட்டே பெரியவர்களானோம். போர் முடிந்த பிறகு வாப்பா இரண்டு தடவை தேடிப் போனார். தோட்டக்காரர் குடும்பமும் இடம்பெயர்ந்திருந்தது. இந்த முறைதான், மகன் திரும்பி வந்து தோட்டம் செய்கிறார் என்று தகவல் கிடைத்தது. சோனகத் தெருவில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, மறுநாள் காலை ஒரு வானில் ஒன்பது பேர் பலாலி வீதியால் புறப்பட்டோம்.

உரும்பிராயில் செம்மண். தலைக்கு மேலே பந்தல், அதில் கொத்துக் கொத்தாகக் கருநீலப் பழம். 'இஸ்ரேல் புளூ' என்ற இனம்தான் அங்கே அதிகம். எங்கள் சின்ன மகள் அண்ணாந்து பார்த்தபடியே நடந்தாள். தோட்டக்காரரின் மகனுக்கும் இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. கொடியைக் காட்டி விளக்கினார்: "குளிர் நாட்டில கொடி மாரியில தானா இலை கொட்டி ஓய்வெடுக்கும். இஞ்ச குளிர் இல்லை. நாங்கள்தான் கொப்பை வெட்டி, இலையை உருவி விடவேணும். அப்பதான் பூக்கும். வெட்டி மூண்டு நாலு மாசத்தில பழம்." மழை கூடினால் பூஞ்சண நோய் வந்து பழம் பழுதாகிவிடும் என்றார்.

வாப்பா கடனைப் பற்றிச் சொன்னார். அவருடைய அப்பா காலமாகி எட்டு வருடம். "நானா, அதை விடுங்கோ. அப்பா அதையொரு கடனாவே நினைக்கேல்லை" என்றார் மகன். வாப்பா விடவில்லை. "தம்பி, ஆள் மௌத்தானாலும் கடன் மௌத்தாகாது. வாரிசுக்குக் குடுக்கோணும்." இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கடைசியில் மகனே ஒரு வழி சொன்னார். இன்றைய விலையில் 18 கிலோவுக்கான காசை வாங்கிக்கொள்வார். ஆனால் 18 கிலோ பழமும் வானில் ஏறவேண்டும். வாப்பா அதற்குச் சம்மதித்தார். தராசில் நிறுக்கும்போது அவர் கை நடுங்கியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

அங்கிருந்து வடக்கே தோலகட்டி. 1928இல் அருட்தந்தை தோமஸ் தொடக்கிய செபமாலைதாசர் ஆச்சிரமம் அங்கே இருக்கிறது. துறவிகள் தங்கள் உழைப்பில் வாழும் இடம். நெல்லி ரசத்துக்கும் முந்திரிகை ரசத்துக்கும் பெயர் போனது. பூசைக்கான வைனும் அவர்களுடைய தயாரிப்பு. வானுக்குள் பேச்சு எழுந்தது. வைன் இருக்கும் இடத்துக்குத் தான் வரவில்லை என்றார் மச்சான். "எங்கட கலியாண வீடுகளுக்கு இஞ்சயிருந்துதான் நெல்லி ரசம் வாங்கினாங்கள்" என்றார் வாப்பா. யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. மச்சானும் உம்மாவும் வானில் இருந்தார்கள். மற்றவர்கள் போய் நெல்லி ரசம் மட்டும் கேட்டு, லேபலை வாசித்து வாங்கி வந்தோம்.

திரும்பும் வழியில் மூத்த மகன் கேட்டான்: "பழம் ஹலால், ஜூஸ் ஹலால். பிறகு வைன் மட்டும் எப்படி ஹராமாகுது?" வகுப்பில் நொதித்தல் படிப்பிக்கும் எங்களுக்கு அது வசதியாகப் போயிற்று. பிழிந்த சாற்றை அப்படியே விட்டால் மதுவம் சீனியைத் தின்று அற்ககோலாக மாற்றும். வைனில் காற்றுப் பட்டால் இன்னொரு வகைக் கிருமி அதை வினாகிரி ஆக்கும். முதலிலேயே சூடாக்கி மதுவத்தைக் கொன்றுவிட்டால் சாறு சாறாகவே இருக்கும். 1869இல் அமெரிக்காவில் தோமஸ் வெல்ச் என்ற பல் வைத்தியர் அப்படித்தான் முந்திரிகைச் சாற்றைப் போத்தலில் அடைத்தார். அவரும் ஒரு கிறிஸ்தவர். தேவாலய வழிபாட்டில் போதையில்லாத சாறு வேண்டும் என்பதற்காகச் செய்தார். போதை தருவதைத்தான் எங்கள் மார்க்கம் தடுக்கிறது, பழத்தை அல்ல என்றோம். மகன் தலையாட்டினான். மச்சானும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

உறவுகளே, எங்கள் பிள்ளைகள் எங்களுக்கான எல்லையைத் தெரிந்து வளரவேண்டும். அதற்காக அடுத்தவர் வாசலைக் கண்டு முகம் சுளிக்கப் பழகவேண்டியதில்லை. வேண்டாததை வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னால் ஒருவரும் கோபிப்பதில்லை.

இன்னொன்று. வடக்கில் கொடுக்கல் வாங்கல் பாதியில் நின்றுபோன வீடுகள் எங்கள் மத்தியில் இன்னும் இருக்கின்றன. கொடுக்க வேண்டியவர்களும் வாங்க வேண்டியவர்களும் வயதாகிக்கொண்டு போகிறார்கள். பெரியவர்களிடம் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதி வையுங்கள். முடிந்தால் அடுத்த லீவில் ஒரு வான் பிடித்துக் கூட்டிப் போங்கள்.

பழம் 18 கிலோவும் முடிந்துவிட்டது. பக்கத்து வீடுகளுக்கும் எங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் பங்கு வைத்தது வாப்பாதான்.