பிற்காலக் கையொப்பம்

வகுப்பில் இடைச்செருகல்களைப் பற்றிப் பேசும்போது நான் சற்றுக் கடுமையாகவே இருந்துவிடுவது வழக்கம். பின்னால் வந்த ஒருவர் முன்னோர் பெயரில் எழுதிச் சேர்த்த வரியைக் கண்டுகொண்டால் நீக்கிவிட வேண்டியதுதான் என்பேன். அந்தக் கடுமை ஒரு கண்ணாடிப் பூச்சாடியால் தளர்ந்தது.

அக்கா இருப்பது அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் நகருக்கு அருகில். அத்தான் முப்பது ஆண்டுகளாகப் பழைய அமெரிக்கக் கலைக்கண்ணாடிச் சாடிகளைச் சேகரித்தவர். அவர் மறைந்த மறு ஆண்டு, கோடை விடுமுறையில் அங்கே சென்றிருந்தேன். வீட்டை மாற்றவேண்டிய நிலையில், பதினொரு சாடிகளையும் விற்றுவிட அக்கா முடிவு செய்திருந்தாள். பட்டியலிடும் வேலை என்னிடம் வந்தது.

கார்னிங் கண்ணாடிக்குப் பேர்போன ஊர். 1903இல் ஃபிரெடரிக் கார்டர் என்ற ஆங்கிலேயர், தாமஸ் ஹாக்ஸுடன் சேர்ந்து அங்கே ஸ்டூபன் தொழிற்சாலையைத் தொடங்கினார். அவருடைய 'ஆரீன்' கண்ணாடி பொன்னும் நீலமுமாக மினுங்குவது. நெடுங்காலம் மண்ணில் புதைந்துகிடந்த ரோமானியக் கண்ணாடியில் தானே படியும் வானவில் மினுக்கத்தை, சூடான கண்ணாடியின்மீது உலோக உப்புக் கரைசலைத் தெளித்து வரவழைக்கும் நுட்பம் அது. டிஃபனியின் 'ஃபாவ்ரைல்' அதற்கும் முந்தியது. 1913இல் டிஃபனி தரப்பு ஸ்டூபன்மீது வழக்குத் தொடுத்து, பிறகு கைவிட்டது. 1933க்குப் பின் ஸ்டூபன் நிறமற்ற பளிங்குக் கண்ணாடிக்கு மாறிவிட்டதால் வண்ணச் சாடிகள் சேகரிப்பாளர்களின் தேட்டமாயின.

அலமாரியின் நடுவில் ஒரு நீலச் சாடி இருந்தது. அக்கா தன் முதல் சம்பளத்தில் அத்தானுக்கு வாங்கித் தந்தது. அடியில் 'ஆரீன்' என்று கீறப்பட்டிருந்தது. உருப்பெருக்கியில் பார்த்தபோது மனம் துணுக்குற்றது. நாள்பட்ட தேய்மானக் கீறல்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு எழுத்துகள் சென்றன. கீறல்களுக்குப் பின்னரே பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. காகித முத்திரை மட்டும் ஒட்டப்பட்டு, கையொப்பமின்றி வெளிவந்த ஸ்டூபன் சாடிகள் உண்டு. முத்திரை உதிர்ந்தபின், விலை ஏறட்டும் என்று பிற்காலத்தில் பெயர் பொறித்தவர்களும் உண்டு.

அக்காவிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் விற்பது எப்படி? அத்தானின் குறிப்பேட்டைப் புரட்டினேன். அந்தச் சாடிக்கு நேராக அவர் எழுதியிருந்தார்: 'கண்ணாடி ஸ்டூபன். கையொப்பம் பிற்காலத்தது.' அக்கா பரிசளித்த அதே வாரத்துத் தேதி.

குறிப்பேட்டை அவளிடம் நீட்டினேன். நெடுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லலியே" என்றாள். பிறகு, "இதை மட்டும் பட்டியல்ல சேர்க்காதே தம்பி."

அத்தான் பொய்யை மறைக்கவில்லை, எழுதி வைத்திருந்தார். அதற்காகச் சாடியை நடுத்தட்டிலிருந்து இறக்கவும் இல்லை. பாடத்தை ஆராயும் எனக்கு இவ்விரண்டும் ஒருசேரக் கைவந்ததில்லை. இப்போது மாணவர்களிடம் 'நீக்கு' என்று சொல்வதில்லை. பிற்காலத்தது என்று குறித்து, உரிய இடத்திலேயே வைக்கச் சொல்கிறேன்.