பாட்டுப் பலகையில் நான்கு எண்கள்

5 மார்ச் 2025, புதன்

லெந்து காலம் இன்று தொடங்கியது. கோலா கங்சாரில் ஞாயிற்றுக்கிழமை முதலே ரமலான் நோன்பு. பகலில் சாப்பாட்டுக் கடைகள் பல சாத்திக் கிடக்கின்றன. நான்கு மணிக்கு மேல் ரமலான் சந்தையில் கால் வைக்க இடமில்லை. என்னோடு இரும்புக் கடையில் வேலை செய்யும் மலாய்க்காரத் தம்பி ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் சிமெண்டு மூட்டை தூக்குகிறான்.

நான் விட வேண்டியது சோறு இல்லை. நாலு நம்பர்.

புதன், சனி, ஞாயிறு என்று வாரத்தில் மூன்று நாள் லாட்டரிக் குலுக்கல், சாயங்காலம் ஏழு மணிக்கு. சாம்பல் புதனும் குலுக்கல் நாள்தான், உயிர்த்தெழுந்த ஞாயிறும் குலுக்கல் நாள்தான். மற்ற நாட்களில் ஆசை ஓய்ந்திருக்கும் என்று நம்பர் எடுக்காதவர்கள் நினைப்பார்கள். அப்படி இல்லை. அவை எண் பொறுக்கும் நாட்கள். சாலையில் லாரி கவிழ்ந்தால் அதன் நம்பர் பிளேட்டு. கனவில் செத்துப்போன அத்தை வந்தால் அவள் இறந்த தேதி. ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் கட்டில் எண். கடைக்கு வரும் பில்லின் கடைசி நான்கு இலக்கம். கண்ணில் பட்டதெல்லாம் யாரோ எனக்கென்றே அனுப்பிய சேதி போலத் தோன்றும்.

கர்த்தர் என்னோடு பேசுவார் என்று நம்பி வளர்ந்த மனசு இது. அந்த நம்பிக்கைக்குள்ளேயே இந்த ஆசை குடி வந்திருக்கிறது. எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

9 மார்ச், ஞாயிறு

ஆராதனையில் என் கண் பீடத்தின் மேல் இல்லை, பக்கச் சுவரில் மாட்டிய பாட்டுப் பலகை மேல் இருந்தது. கறுப்புப் பலகையில் வெள்ளை அட்டைகள்: 67, அதற்குக் கீழே 43. சபையார் எழுந்து பாடினார்கள். நானும் எழுந்தேன், வாய் அசைந்தது. உள்ளே ஒரே எண் ஓடிக்கொண்டிருந்தது: 6743.

பிரசங்கம் இயேசு வனாந்தரத்தில் சோதிக்கப்பட்டதைப் பற்றி. லூக்கா எழுதிய வரிசைப்படி கடைசிச் சோதனை தேவாலயத்தின் உச்சியில் நடக்கிறது. இங்கிருந்து குதி, தூதர்கள் உன்னைத் தாங்குவார்கள் என்று பிசாசு வேத வசனத்தையே எடுத்துக் காட்டிச் சொல்கிறான். கல்லை அப்பமாக்கச் சொன்னதும் ராஜ்யங்களைக் காட்டியதும் எல்லா மனிதருக்கும் பொதுவான சோதனைகள். இந்த மூன்றாவது சூதாடியின் சோதனை என்று எனக்குப் பட்டது. வாடகைக் காசை வைத்துவிட்டு, கடவுள் கைவிட மாட்டார் என்று ஜெபிப்பதும் உச்சியிலிருந்து குதிப்பதுதான். பார்ப்பவர்களுக்கு அது விசுவாசம் போலவே தெரியும். இயேசு அதைக் கடவுளைப் பரீட்சை பார்ப்பது என்றார்.

நம்பர் கடைக்குப் போகவில்லை. ஆனால் ஏழரை மணிக்குக் கைப்பேசியை எடுத்து முடிவைப் பார்த்தேன். 6743 எங்கும் இல்லை. மனசு லேசானது. பிறகுதான் அந்த நிம்மதி என்னை உலுக்கியது. அந்த எண் வந்திருந்தால் இன்று ராத்திரி நான் யார் மேல் கோபப்பட்டிருப்பேன்? என்னைக் கடைக்குப் போகவிடாமல் தடுத்த கர்த்தர் மேல்தான்.

12 மார்ச், புதன்

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கணக்குப் போட்டேன். ஒரு வெள்ளிக்குப் ‘பெசார்’ பந்தயம் எடுத்தால் முதல் பரிசு 2,500 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. சிறப்புப் பரிசு பத்து, தலா 180. ஆறுதல் பரிசு பத்து, தலா 60. எல்லாம் கூட்டினால் 6,400. எண்களோ 0000 முதல் 9999 வரை பத்தாயிரம். பத்தாயிரம் எண்ணையும் ஒருவனே வாங்கினாலும் 3,600 வெள்ளி போனது போனதுதான். ஒரு வெள்ளி கொடுத்து 64 காசு வாங்குகிற வியாபாரம். எங்கள் கடையில் ஆணி வாங்க வருகிறவன்கூட இதற்குச் சம்மதிக்க மாட்டான்.

இந்தக் கணக்கு எனக்குப் புதிதில்லை. கணக்குத் தெரிந்தால் ஆசை அடங்கிவிடும் என்பவர்கள் ஆசையை அறியாதவர்கள். விரும்புகிற நன்மையைச் செய்ய முடியாமல், வெறுக்கிற தீமையையே செய்கிறேன் என்று பவுல் ரோமருக்கு எழுதிய இடத்தில் புலம்புகிறார். அவருக்கு வேதமெல்லாம் தெரியும். தெரியாமையால் வந்த நோய் இல்லை இது.

ஆனால் வேறொன்றை எழுதி வைக்க வேண்டும். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் எங்கள் பெரியவர்கள் இருந்த லயங்களில், பால்வெட்டிக் கூலியை மிச்சம் பிடித்து மேலே ஏறிவிடலாம் என்று சொல்ல யாருக்கும் வழி இருந்ததில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கைமாறின. வேலையோடு வீடும் போனது. அந்த நிலைமையில் நம்பர் ஒன்றுதான் எட்டுகிற ஏணியாகத் தெரிந்தது. எங்கள் ஆட்களைச் சோம்பேறிகள், பேராசைக்காரர்கள் என்று பிரசங்க மேடையிலிருந்து திட்டுகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. அதே ஆட்கள்தான் 1960-இல் சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது பத்துப் பத்து வெள்ளியாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். விற்பனைக்கு வந்த தோட்டங்களை அந்தப் பணம் வாங்கியது. மடியில் முடிந்த காசை எங்கே வைப்பது என்று அவர்களுக்கு ஒருவர் வழி காட்டினார், அவர்கள் வைத்தார்கள்.

22 மார்ச், சனி

கடை வேலையாக மாவட்ட அலுவலகம் பக்கம் போனேன். அங்கே வேலி போட்டு நிற்கிறது 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் மிஞ்சிய ஒன்று. எங்கள் தாத்தாக்கள் கப்பலேறி வந்ததற்கு இப்படிப்பட்ட மரங்கள்தான் காரணம். நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா பால்வெட்டுக்காரர். வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும் என்று பொழுது விடிவதற்குள் நெற்றி விளக்கோடு நிரைக்குள் போய்விடுவார். சின்ன வயதில் ஒரு பள்ளி விடுமுறையில் கத்தியை என் கையில் கொடுத்து, என் கை மேல் தன் கையை வைத்து வெட்டக் கற்றுக்கொடுத்தார். “மெல்லிசாச் சீவுடா. ஆழமாப் போனா மரத்துக்குக் காயம், அப்புறம் அந்த எடத்துல பட்டை முடிச்சு விழுந்துரும்.” பழைய வெட்டுக்கு அடியில் ஒரு காகிதத் தடிப்புக்குப் பட்டை சுருண்டு விழும். சற்று நேரத்தில் கோடு முழுக்க வெள்ளை துளிர்த்து, தகரக் குழாய் வழியாகக் கோப்பைக்குள் இறங்கும். மறுபடி வெட்டு வரும் நாளில் அதே இடத்துக்கு அடியில் இன்னொரு மெல்லிய சீவல். அவ்வளவுதான்.

நான் இதுவரை எடுத்த தீர்மானங்கள் எல்லாம் ஆழமாகப் பாய்ந்த கத்திகள். இனி வாழ்நாளில் தொடமாட்டேன் என்று உபவாசக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அழுது சொன்னேன். அடுத்த சனிக்கிழமையைத் தாண்டவில்லை. இப்போது கேட்பது இன்றைக்கு மட்டும். வனாந்தரத்தில் மன்னாவையும் கர்த்தர் அன்றன்றைக்குத்தானே கொடுத்தார். மறுநாளுக்கு என்று எடுத்து வைத்தது புழுத்துப்போனது.

30 மார்ச், ஞாயிறு

நாளை ஹரி ராயா. பக்கத்து வீட்டில் ரெண்டாங் வாசம். சாயங்காலம் அந்த வீட்டு மக்சிக் ஒரு தூக்குச் சட்டி நிறையக் கொடுத்துவிட்டுப் போனார்.

நம்பர் கடைகளை மூடிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சபையில் ஓர் அண்ணன் சொன்னார். கெடாவில் 2023 முதல் நம்பர் கடைகளுக்கு உரிமம் புதுப்பிக்கவில்லை, கிளந்தானில் அதற்கு வெகு காலம் முன்பே இல்லை. மூடினால் நல்லதுதான், சின்னப் பிள்ளைகளின் கண்ணில் படாமலாவது இருக்கும். ஆனால் 2020 மார்ச் 18-ஆம் தேதி கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து குலுக்கலே நின்றுபோனது எனக்கு நினைவிருக்கிறது. அந்த மாதங்களில் நான் விடுபட்டுவிட்டதாக மனைவியிடம் சாட்சி சொன்னேன். ஜூனில் கடை திறந்தது. என் கால் தானாக அந்தப் படியேறியது. கதவுதான் பூட்டியிருந்தது. நான் மாறியிருக்கவில்லை.

அப்படியானால் மாற்றம் எங்கிருந்து வரும்? உள்ளிருந்து வராது என்று எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. ஆண்டவரே இதை எடுத்துப்போடும் என்று எத்தனையோ இரவு கேட்டிருக்கிறேன். அந்த ஜெபத்துக்கு அடியிலேயே இன்னொன்றும் ஓடும்: ஒரே ஒரு முறை அடிக்கட்டும், கடனைக் கட்டிவிட்டு நிறுத்திவிடுகிறேன், தசமபாகமும் தருகிறேன். அகஸ்தீன் இளமையில் தூய்மையை வேண்டிக்கொண்டே, அது உடனே கிடைத்துவிடுமோ என்றும் அஞ்சியதாகத் தம் அறிக்கை நூலில் எழுதியிருக்கிறார். பிறகு கி.பி. 386-இல் மிலானில் ஒரு தோட்டத்தில் அவர் உடைந்து அழுதார். அவர் அழுதபோது நண்பர் அலிப்பியுஸ் அதே தோட்டத்தில் இருந்தார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

2 ஏப்ரல், புதன்

போதகர் போன மாதம் ஆரம்பித்த ஆண்கள் கூட்டத்துக்கு இன்று போனேன். நான்கு பேர், ஒருவர் வீட்டுத் தாழ்வாரத்தில். வேண்டுமென்றே புதன்கிழமை ஆறரை மணிக்கு வைத்திருக்கிறார்.

1738 கிறிஸ்துமஸ் நாளில் ஜான் வெஸ்லி சின்னச் சின்னக் குழுக்களுக்கு விதிகள் எழுதினார். வாரம் ஒரு முறை கூட வேண்டும், போன கூட்டத்துக்குப் பிறகு என்ன பாவம் செய்தோம், என்ன சோதனை வந்தது, அதிலிருந்து எப்படித் தப்பினோம் என்று ஒவ்வொருவரும் மற்றவர்கள் முன் சொல்ல வேண்டும். இந்த மெதடிஸ்ட் வழி, பெங்களூரில் பிறந்த மிஷனரி ஓல்டாம் மூலமாக 1885-இல் சிங்கப்பூருக்கு வந்து, பிறகு மலாயா எங்கும் பரவியது. கட்டடங்களையும் பள்ளிக்கூடங்களையும் பத்திரமாக வைத்துக்கொண்டோம். இந்தக் கேள்விகளை எங்கேயோ விட்டுவிட்டோம் என்பது என் குறை.

ஒருவர் குடியைப் பற்றிச் சொன்னார். ஒருவர் கோபத்தைப் பற்றி. என் முறை வந்தது. பாட்டுப் பலகையைப் பற்றிச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. வயதில் மூத்தவர் மெதுவாக, “தம்பி, நான் வசன நம்பரையே எடுத்தவன்” என்றார். சுவர்க் கடிகாரம் ஏழைத் தாண்டியதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

சம்பள அட்டையை மனைவியிடம் கொடுத்துவிட்டேன். கடவுளை நம்புகிறவனுக்கு எதற்கு இந்தக் காவல் என்று முன்பு ஒருவர் கேட்டதுண்டு. விசுவாசம் போதவில்லை என்றும் சொன்னார். நான் அப்படி நினைக்கவில்லை. கர்த்தர் என்னைத் தாங்குவது இந்தக் கைகள் வழியாகத்தான். அட்டையை வாங்கிக்கொண்ட கையும், தாழ்வாரத்தில் என் தோளைத் தொட்ட கையும் ஜெபத்துக்குக் கிடைத்த பதில் இல்லையென்றால் வேறு எது பதில்?

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

எங்கள் பேராக் மாநிலத்தில் இன்று பொது விடுமுறை இல்லை. முதலாளி தவ்கேயிடம் கேட்டு விடுப்பு எடுத்தேன்.

சிலுவையின் ஏழு வார்த்தைகளையும் தியானித்தோம். என் மனம் சிலுவைக்குக் கீழே உட்கார்ந்திருந்த சேவகர்களிடமே போய் நின்றது. அவர் மேலே உயிரை விட்டுக்கொண்டிருக்கிறார், இவர்கள் கீழே அவர் அங்கிக்குச் சீட்டுப் போடுகிறார்கள். தலையை நிமிர்த்தினால் முகம் தெரிகிற தூரம். நிமிர்த்தவில்லை, கண்ணெல்லாம் சீட்டின் மேல். அந்த உட்காரலை எனக்குத் தெரியும். தம் அங்கிக்காகச் சூதாடிக்கொண்டிருந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் அவர் மன்னிப்புக் கேட்டார்.

யூதாசின் இடத்துக்கு ஆள் தேடியபோது அப்போஸ்தலரும் சீட்டுப் போட்டார்கள், மத்தியாவின் பேர் வந்தது. ஆனால் அவர்கள் முதலில் ஜெபித்து, யார் பேர் வந்தாலும் ஏற்கிறோம் என்று கர்த்தர் கையில் விட்டுவிட்டுப் போட்டார்கள். பெந்தெகொஸ்தே நாளுக்குப் பிறகு புதிய ஏற்பாட்டில் அவர்கள் மறுபடி சீட்டுப் போட்டதாக இல்லை. ஆவியானவர் வந்துவிட்டார், சீட்டு தேவைப்படவில்லை.

23 ஏப்ரல், புதன்

உயிர்த்தெழுந்த ஞாயிறன்று பலகையில் என்ன எண் இருந்தது என்று எனக்கு நினைவில்லை. ஆசை போய்விட்டது என்று எழுத மாட்டேன். சனிக்கிழமை எங்கள் கடை வாசலில் மோட்டார் சைக்கிள் விழுந்தபோது அதன் பிளேட்டை இரண்டு முறை படித்தேன்.

இன்று கூட்டத்துக்குப் புதிதாக ஒரு தம்பி வந்தான், முப்பது வயதுக்குள் இருக்கும். அவன் நம்பர் கடைக்கே போவதில்லையாம், எல்லாம் கைப்பேசியில். கள்ள வட்டிக்கு விடும் ஆ லோங்கிடம் கடன் வாங்கியிருக்கிறான். வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள், அம்மா பயந்துபோய் அக்கா வீட்டில் இருக்கிறார். பேசும்போதே கைப்பேசி நடுங்கியது, அவன் அதைக் கவிழ்த்து வைத்தான்.

“அண்ணே, ஜெபம் பண்ணா போயிருமா?” என்று கேட்டான்.

“பண்ணுவோம். முதல்ல நாளைக்கு அந்தக் கடன் கணக்கை எழுதி எடுத்துக்கிட்டு வா. போலீசுக்குப் போறதா இருந்தா நானும் கூட வர்றேன்,” என்றேன்.

எல்லாரும் முழங்கால் போட்டோம். நாளை கடை அடைத்ததும் ஆறு மணிக்கு அவனை பஸ் நிலையத்தில் ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன். சாயத்தைச் சுரண்டத் தின்னரும் இரும்புப் பிரஷும் எங்கள் கடையிலேயே இருக்கின்றன.